பதினாறாவது குதிரை

பந்தயக் கணக்கு - 7

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே கரிசல் காட்டுக்குள் இறங்கினால், கோயில் கொடைக் காலத்தில் மாட்டு வண்டிப் பந்தய நோட்டீஸ்கள் கண்ணில் படும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தனித்தனிப் பிரிவு. பெரிய மாட்டுக்குப் போய்வர இத்தனை மைல், சின்ன மாட்டுக்கு அதைவிடக் குறைவு, பூஞ்சிட்டுக்கு இன்னும் குறைவு. பரிசும் முதலாவதாக வந்த வண்டிக்கு மட்டுமில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உண்டு. பெரிய மாட்டையும் பூஞ்சிட்டையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஓட்டலாம் என்று விழாக் கமிட்டியில் யாராவது சொன்னால், அடுத்த கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். பலம் கூடிய குதிரையையும் குறைந்த குதிரையையும் ஒரே கோட்டில் நிறுத்தினார்கள். பிரித்து ஓட்டுவதற்குப் பதிலாக, பலசாலியின் முதுகில் சுமையை ஏற்றினார்கள். அதற்கு ஹேண்டிகேப் பந்தயம் என்று பெயர். தொப்பிக்குள் கைவிட்டுப் பண்டமாற்று பேசும் ஒரு பழைய ஆங்கில விளையாட்டிலிருந்து வந்த சொல் அது. இரண்டு பேர் பொருளை மாற்றிக்கொள்ளும்போது, மதிப்பு குறைந்த பொருளுக்கு எவ்வளவு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்வார். குதிரைப் பந்தயத்தில் அந்த நடுவருக்கு ஹேண்டிகேப்பர் என்று பெயர். எல்லாக் குதிரைகளும் எல்லைக் கோட்டை ஒரே நேரத்தில் தொடும்படி எடையைப் பங்கிடுவதுதான் அவர் வேலை. அது ஒருநாளும் முழுதாக நிறைவேறாது. அவர் எந்த இடத்தில் தவறினார் என்று தேடுவதுதான் பந்தயம் கட்டுபவர்களின் வேலை.

இந்தத் தொடரில் இதுவரை சமதளப் பந்தயங்களைப் பார்த்தோம். இந்த வாரம் தடை தாண்டும் பந்தயம். அதிலும், ‘ஈச் வே’ என்று சொல்லப்படும் இரட்டைப் பந்தயம்.

தடை தாண்டும் பந்தயத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டீப்பிள்சேஸ் என்று பெயர். ஸ்டீப்பிள் என்றால் தேவாலயத்தின் கூம்புக் கோபுரம். 1752-ல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் எட்மண்ட் பிளேக், கார்னீலியஸ் ஓ’கல்லகன் என்ற இருவர் தங்கள் குதிரைகளில் எது மேல் என்று போட்டி போட்டார்கள். பட்டெவன்ட் ஊர் தேவாலயத்திலிருந்து டோனரெயில் ஊர் தேவாலயம் வரை சுமார் நாலரை மைல். பாதை என்று ஒன்றும் வகுக்கவில்லை. எதிரே தெரியும் கோபுரம்தான் குறி. நடுவில் வேலி, ஓடை, கல்சுவர் எது வந்தாலும் தாண்டிப் போக வேண்டும். ஆடித் தபசுக்குக் காட்டு வழியே நடந்து, சங்கரநாராயணர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தையே குறியாக வைத்து வந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

அந்த மரபின் உச்சம் லிவர்பூல் நகரின் எய்ன்ட்ரீ மைதானத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனல். தூரம் ஏறக்குறைய 7 கிலோமீட்டர், தாண்ட வேண்டிய தடைகள் 30. 1839-ல் நடந்த பந்தயத்தில் வென்ற குதிரையின் பெயர் லாட்டரி. இந்தியாவில் இந்த வகை வேர் பிடிக்கவில்லை. கல்கத்தாவின் டாலிகஞ்சில் ஒரு காலத்தில் தடை தாண்டும் பந்தயங்கள் நடந்தன. கிண்டியிலும் ஊட்டியிலும் நம்மவர்கள் பார்த்தது சமதள ஓட்டம். ஆனால் ஹேண்டிகேப் எடை முறை இரண்டுக்கும் பொது. இந்தியாவில் ஒவ்வொரு குதிரைக்கும் மதிப்பெண் உண்டு. ஒரு மதிப்பெண்ணுக்கு அரைக் கிலோ. பிரிட்டனில் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு பவுண்டு. நம் பாட்டிமார் ராத்தல் என்று சொன்ன அதே எடை. ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்துணிப் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகுவார்கள். ஓட்டம் முடிந்ததும் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறி நிற்பார். எடை குறைந்தால் வெற்றி பறிபோகும்.

இந்த முறைக்கு ஒழுங்கு கொடுத்தவர் ஹென்றி ஜான் ரூஸ் என்ற கடற்படை அட்மிரல். 1855-ல் பிரிட்டனின் ஜாக்கி கிளப் அவரைப் பொது ஹேண்டிகேப்பராக நியமித்தது. எந்த வயதுக் குதிரைக்கு எந்த மாதத்தில் எந்தத் தூரத்துக்கு எவ்வளவு எடை என்று அவர் போட்ட அட்டவணைதான், திருத்தங்களோடு இன்றைய முறைகளுக்கு அடிப்படை.

எடை என்ன செய்யும் என்பதை 1973 கிராண்ட் நேஷனலைவிடத் தெளிவாகக் காட்டிய பந்தயம் இல்லை. ஆஸ்திரேலியக் குதிரை கிரிஸ்ப் தாங்கியது 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ. ரெட் ரம் தாங்கியது 10 ஸ்டோன் 5 பவுண்டு, ஏறக்குறைய 66 கிலோ. இரண்டும் சம அளவில் முன்னணிக் குதிரைகள். ஒன்றுக்கு 9 என்ற விலை, அதாவது வென்றால் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 9 ரூபாய் லாபம். கிரிஸ்ப் தொடக்கத்திலேயே முன்னே பாய்ந்து தடைகளைப் பறந்து தாண்டியது. கடைசித் தடையைத் தாண்டும்போதும் பல குதிரை நீளம் முன்னால் இருந்தது. அதன் பிறகு எல்லைக் கோடு வரை 494 கஜம். அந்த நீண்ட நேர்கோட்டில் கிரிஸ்ப்பின் கால்கள் தளர்ந்தன. தள்ளாடியபடியே ஓடியது. கோட்டுக்குச் சில எட்டுகள் முன்னால் ரெட் ரம் அதைப் பிடித்து, முக்கால் குதிரை நீளத்தில் வென்றது. நேரம் 9 நிமிடம் 1.9 விநாடி. 1934-லிருந்து நின்ற சாதனையைவிட 18 விநாடிக்கு மேல் வேகம். தோற்ற கிரிஸ்ப்பும் பழைய சாதனையை முறியடித்துவிட்டுத்தான் தோற்றது.

அதே ஆண்டு நவம்பரில் டான்காஸ்டர் மைதானத்தில் இரண்டும் மறுபடி சந்தித்தன. இந்த முறை சம எடை. கிரிஸ்ப் எட்டு நீளத்தில் வென்றது.

எய்ன்ட்ரீயில் இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 23 பவுண்டு, பத்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ரேஷன் கடையிலிருந்து தோளில் தூக்கி வரும் ஓர் அரிசிப் பை அளவு. வீட்டு வாசல் வரைக்கும் அந்தப் பை பெரிய சுமையாகத் தெரியாது. ஏழு கிலோமீட்டர் ஓடி, முப்பது தடை தாண்டிய பிறகு அதுதான் வெற்றியையும் தோல்வியையும் பிரிக்கிறது. தூரம் கூடக்கூட, தரை சேறாகச் சேறாக, எடையின் அழுத்தம் கூடும். தடை தாண்டும் ஹேண்டிகேப்பில் எடைப் பட்டியலைக் கடைசி வரி வரை படிக்க வேண்டியது இதனால்தான். ரெட் ரம்மும் எடையை வைத்துப் பிழைத்த சாதாரணக் குதிரை அல்ல. அடுத்த ஆண்டே 12 ஸ்டோன் தாங்கி மறுபடி வென்றது. 1977-ல் மூன்றாவது முறையும் வென்றது.

இனி ஈச் வே. கிண்டிக்குப் போய்ப் பழகியவர்கள் ‘வின்’, ‘பிளேஸ்’ என்று தனித்தனிச் சீட்டு வாங்குவார்கள். குதிரை முதலில் வந்தால்தான் வின் சீட்டுக்குக் காசு. முதல் சில இடங்களுக்குள் வந்தாலே பிளேஸ் சீட்டுக்குக் காசு. அந்த இரண்டையும் ஒரே குதிரை மேல், ஒரே சமயத்தில், சம தொகைக்குக் கட்டுவதுதான் ஈச் வே. ‘நூறு ரூபாய் ஈச் வே’ என்றால் கையிலிருந்து போவது இருநூறு. புதிதாக வருபவர் பலர் தடுமாறும் முதல் இடம் இது. பாதிப் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளும் வழி என்று இதை நினைக்கிறார்கள். உண்மையில் இவை இரண்டு தனிப் பந்தயங்கள். ஒன்று மற்றொன்றைக் காப்பாற்றாது.

பிரிட்டனில் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகள் பொதுவாகப் பின்பற்றும் விதி இது. ஐந்து முதல் ஏழு குதிரைகள் ஓடினால் முதல் இரண்டு இடத்துக்கு, வின் விலையில் கால் பங்கு. எட்டும் அதற்கு மேலும் ஓடினால் முதல் மூன்று இடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஹேண்டிகேப் பந்தயமாக இருந்து 12 முதல் 15 குதிரைகள் ஓடினால் மூன்று இடத்துக்குக் கால் பங்கு. ஹேண்டிகேப்பில் 16-ம் அதற்கு மேலும் ஓடினால் நான்கு இடத்துக்குக் கால் பங்கு.

கிரிஸ்ப்பையே எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 9 விலை. கால் பங்கு என்றால் ஒன்றுக்கு இரண்டேகால். நூறு ரூபாய் ஈச் வே கட்டியவருக்கு இந்த விதிப்படி வின் நூறு போயிற்று. பிளேஸ் நூறுக்கு 225 லாபமும் போட்ட நூறும் சேர்த்து 325 திரும்பும். இருநூறு போட்டு 325. தோற்ற குதிரை மேல் லாபம்.

அதுவே ஒன்றுக்கு 3 விலையுள்ள குதிரையாக இருந்தால்? இரண்டாவதாக வந்தால் பிளேஸ் நூறுக்கு 75 லாபம். கையில் வருவது 175. போட்டது 200. குதிரை இடம் பிடித்தும் 25 ரூபாய் நஷ்டம். கால் பங்கு விதியில் ஒன்றுக்கு 4 விலைக்குக் கீழே இருக்கும் எந்தக் குதிரை மேலும் ஈச் வே கட்டுவதில் பொருளில்லை. ஐந்தில் ஒரு பங்கு என்றால் அந்தக் கோடு ஒன்றுக்கு 5. இந்த ஒரு வரியை மனதில் வைத்திருந்தாலே பாதித் தவறுகள் குறையும்.

அடுத்து, தலைப்பில் உள்ள பதினாறாவது குதிரை. ஹேண்டிகேப்பர் தன் வேலையைச் சரியாகச் செய்து 16 குதிரைகளையும் சமமாக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். புக்கி ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு 12 விலை வைக்கிறார். (நியாயமாகப் பார்த்தால் ஒன்றுக்கு 15 வைக்க வேண்டும். அந்த வித்தியாசத்தில்தான் அவர் பிழைப்பு.) ஒருவர் இப்படிப்பட்ட 16 பந்தயங்களில் நூறு ரூபாய் ஈச் வே கட்டுகிறார். போட்டது 3,200. கணக்குப்படி ஒரு முறை அவர் குதிரை வெல்லும்: வின்னில் 1,300, பிளேஸில் 400, ஆக 1,700. மூன்று முறை இரண்டாவது, மூன்றாவது, நான்காவது இடம்: மூன்று நானூறு, 1,200. மொத்தம் 2,900. நஷ்டம் 300.

இப்போது பிளேஸ் சீட்டை மட்டும் தனியே பிரித்துப் பாருங்கள். 16 முறை நூறு, 1,600 போயிற்று. நான்கு முறை 400, 1,600 வந்தது. புக்கிக்கு அதில் ஒரு காசு லாபமில்லை. அவர் லாபம் முழுவதும் வின் சீட்டில்தான். பதினாறு குதிரை ஓடும் ஹேண்டிகேப்பைத் தேர்ந்த பந்தயக்காரர்கள் தேடித் திரிவதன் காரணம் இதுவே.

இனி, பந்தயத்தன்று காலை ஒரு குதிரைக்குக் காலில் வீக்கம் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலிலிருந்து விலக்கிவிட்டார்கள். பதினாறு பதினைந்தாகிவிட்டது. இடம் நான்கிலிருந்து மூன்றாகிவிட்டது, ஏனென்றால் எத்தனை குதிரை புறப்பட்டன என்பதுதான் கணக்கு. விலை அதே ஒன்றுக்கு 12 என்றால், 15 பந்தயத்தில் போட்டது 3,000; ஒரு வெற்றிக்கு 1,700, இரண்டு இடத்துக்கு 800, ஆக 2,500. நஷ்டம் 500. புக்கி விலையைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஓடவே ஓடாத ஒரு குதிரை பந்தயம் கட்டியவர் பையிலிருந்து கூடுதலாக எடுத்துவிட்டது. நான்காவதாக வந்த குதிரைக்காரர் கையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் விவரம் தெரிந்தவர் சரியாகப் பதினாறு பேர் உள்ள பட்டியலைவிட, இரண்டு மூன்று விலகினாலும் தாங்கும் 18, 20 பேர் உள்ள பட்டியலைத் தேடுவார்.

எந்தக் குதிரை என்பது அதற்குப் பிறகுதான்.

தடை தாண்டும் பந்தயத்தின் ரேஸ் புத்தகத்தில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் எண்களோடு எழுத்துகளும் இருக்கும். சமதளப் பந்தயத்துக்குப் பழகியவருக்கு இந்த எழுத்துகள் புதிது. எஃப் என்றால் விழுந்தது, யூ என்றால் ஜாக்கியைத் தள்ளிவிட்டது, பி என்றால் நடுவழியில் நிறுத்தப்பட்டது. பிளேஸ் சீட்டுக்கு இந்த எழுத்துகள் எண்களைவிட முக்கியம். விழுந்த குதிரை நான்காவதாகக்கூட வராது. கடைசி ஆறு ஓட்டத்தில் இரண்டு எஃப் உள்ள வேகமான குதிரையைவிட, ஓர் எழுத்தும் இல்லாமல் 3, 4, 2, 5 என்று ஓடி முடித்த குதிரை பிளேஸ் சீட்டுக்கு மேல்.

ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. எப்போதும் மூன்றாவதாக வரும் குதிரையை ஊரே அறிந்திருக்கும். எல்லோரும் அதன்மேலேயே ஈச் வே கட்டுவார்கள், விலை இறங்கிவிடும். ஹேண்டிகேப்பரும் மூன்றாம் இடத்துக்குத் தக்கபடி எடையைக் குறைக்காமல் பிடித்து வைத்திருப்பார். அது மறுபடி மூன்றாவதாகவே வரும். அதற்குக் கிடைக்கும் விலை அந்த அபாயத்துக்கு ஈடாகாது.

சிறந்த வாய்ப்பு, ஹேண்டிகேப்பரின் கை கட்டப்பட்டிருக்கும் சமயத்தில்தான் வரும். கிராண்ட் நேஷனலுக்கு எடைப் பட்டியல் பிப்ரவரியில் வெளியாகிவிடும், ஓட்டம் ஏப்ரலில். நடுவில் ஒரு குதிரை முன்னேறினால் அவரால் ஏதும் செய்ய முடியாது. 2023-ல் கோராக் ராம்ப்ளர் என்ற குதிரை அப்படித்தான் வந்தது. எடை அறிவித்த பிறகு மார்ச்சில் செல்டன்ஹாமில் பெரிய ஹேண்டிகேப் ஒன்றை வென்றது. புது மதிப்பெண்படி அது தாங்கியிருக்க வேண்டிய எடையைவிட 10 பவுண்டு, நாலரைக் கிலோ, குறைவாகத் தாங்கி எய்ன்ட்ரீயில் ஓடியது. முன்னணிக் குதிரையாக ஒன்றுக்கு 8 விலையில் புறப்பட்டு வென்றது. அந்த நாலரைக் கிலோ யாருக்கும் ரகசியமில்லை. அச்சில் இருந்த எண்களைக் கழித்துப் பார்த்தவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தரையும் பேசும். மழையில் ஊறிய மைதானத்தில் முன் ஓடிய அனுபவம் உண்டா, இவ்வளவு தூரம் முன்பு முடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டரை மைலில் பறக்கும் குதிரை நாலு மைலில் நடக்கும். பயிற்சி ஜாக்கி ஏறினால் சில பவுண்டு சலுகை கிடைக்கும். ஆனால் கூட்டம் நெரியும் தடைகளில் அனுபவக் குறைவு அந்தச் சலுகையை விழுங்கிவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் 1967 வரும். அந்த ஆண்டு கிராண்ட் நேஷனலில், இருபத்து மூன்றாவது தடையில், ஜாக்கி இல்லாமல் ஓடிய பாப்பம் டவுன் என்ற குதிரை குறுக்கே திரும்பியது. பின்னால் வந்தவை ஒன்றின்மேல் ஒன்று மோதி நின்றன. வெகுதூரம் பின்தங்கி வந்த ஃபொய்னவான், நெரிசலில் இடைவெளி கண்டு தாண்டித் தனியே ஓடி வென்றது. அதன் விலை ஒன்றுக்கு 100. மற்ற ஜாக்கிகள் குதிரைகளைத் திரட்டித் துரத்தியும் எட்ட முடியவில்லை. முன்னணிக் குதிரையான ஹனி எண்ட் இரண்டாவதாக வந்தது. அந்தத் தடைக்கு இன்று ஃபொய்னவான் என்றே பெயர்.

இதைச் சுவையான கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. அப்படி மோதி விழும்போது குதிரைகள் கால் முறிந்து சாகின்றன. எய்ன்ட்ரீயில் பல ஆண்டுகளில் அது நடந்திருக்கிறது. தடைகளின் உட்புறத்தை மென்மையாக்கினார்கள். 2024 முதல் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையை 40-லிருந்து 34 ஆகக் குறைத்தார்கள். அது போதாது என்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. எடையைச் சுமந்து ஓடும் உயிருக்கு, தன்மேல் எழுதப்பட்ட விலை தெரியாது.

இந்தக் கணக்கெல்லாம் திறமையா, அதிர்ஷ்டமா? இந்தக் கேள்விக்கு இந்தியா முழுவதற்குமான பதில் சென்னைக் கிண்டியிலிருந்துதான் வந்தது. கிண்டியில் பந்தய மரபு 1777 வரை போகிறது. 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தின்மேல் பணம் கட்டுவதைத் தடைசெய்யச் சட்டம் கொண்டுவந்தது. அதே அரசு அப்போது பரிசுச் சீட்டை விற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1986-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்த இன்னொரு சட்டம் வந்தது. 1996 ஜனவரி 12 அன்று, டாக்டர் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி ஆகியவற்றைப் பெரிதும் சார்ந்திருப்பதால் குதிரைப் பந்தயம் திறமைக்கான ஆட்டம், சூதாட்டம் ஆகாது என்றது. 1986 சட்டம் செல்லாது என்றும் சொன்னது.

குதிரையைப் பற்றியும் ஜாக்கியைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு சொன்னது சரி. ஆனால் திறமைக்கான ஆட்டம் என்ற முத்திரையை, காசு கிடைக்கும் ஆட்டம் என்று மக்கள் வாசித்துவிட்டார்கள். பிற்காலத்தில் இணைய ரம்மி நடத்தியவர்கள் நீதிமன்றங்களில் கையில் ஏந்தி நின்ற தீர்ப்புகளில் கிண்டிக் குதிரையின் இந்தத் தீர்ப்பும் ஒன்று. சங்கரன்கோவிலில் தறிக்கூலி வாங்கிய கையோடு கைபேசியில் ரம்மி ஆடிய ஒருவர் கிண்டிப் பக்கமே போனதில்லை. ஆனால் அந்த ஆட்டம் அவர் கைக்கு வந்த வழியில் கிண்டியும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பார்க்காமல் தடைசெய்தது. அந்த வேறுபாட்டை விட்டது சரியான முடிவு என்றே இந்தத் தொடர் கருதுகிறது. 16 குதிரைக் கணக்கில் கண்டதுபோல, ஆட்டத்தில் திறமை இருப்பது வேறு, ஆடுபவருக்கு மிச்சம் இருப்பது வேறு.

கிண்டியின் கதை 2024-ல் வேறு திருப்பம் எடுத்தது. 1945 முதல் 99 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 614 ரூபாய்ச் சொச்ச வாடகைக்குக் கொடுக்கப்பட்ட 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை, வாடகை நிலுவையைக் காட்டி அரசு ரத்து செய்தது. செப்டம்பர் 9 அன்று மைதானம் பூட்டி முத்திரையிடப்பட்டது. அதற்குச் சில மாதம் முன்பு, ஜூனில், ஊட்டி ரேஸ் மைதானத்தின் 52 ஏக்கரும் அரசின் கைக்கு வந்திருந்தது.

பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, புனே மைதானங்கள் இருக்கின்றனவே என்று கேட்கும் வாசகர்கள் உண்டு. அவர்களுக்காக அந்தப் பதினாறு குதிரைக் கணக்கை ஒருமுறை இந்தியச் சீட்டு ஜன்னலுக்குக் கொண்டுபோவோம். பந்தயத் தொகை முழுவதன்மேலும் 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். வென்ற பணத்தின்மேல் போடப்படும் வரி அல்ல இது, கட்டும் பணத்தின்மேல் போடப்படுவது. 3,200 ரூபாய்க்கு வரி 1,280. ஏற்கெனவே இருந்த நஷ்டம் 300. இரண்டும் சேர்ந்து 1,580. போட்ட ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஏறக்குறைய ஐம்பது ரூபாய். எடைப் பட்டியலை எவ்வளவு கூர்ந்து படித்தாலும், எஃப் எழுத்து இல்லாத குதிரையாகப் பார்த்து எடுத்தாலும், பாதிப் பணத்தை மீட்டுத் தரும் அளவுக்கு எந்த ஹேண்டிகேப்பரும் தவறு செய்வதில்லை. வரி இல்லாமல் பிரிட்டனில் கட்டித் தொடர்ந்து வெல்பவர்களுக்கு வேறு தடை: அப்படிப்பட்டவர்களின் கணக்குகளில் மிகச் சிறிய தொகைக்கு மேல் கட்ட முடியாதபடி புக்கிகளே வரம்பு போட்டுவிடுகிறார்கள்.

‘சும்மா நூறு ரூபாய் ஈச் வே’ என்று உங்கள் வீட்டில் யாராவது ஆரம்பித்தால், சண்டை போட வேண்டாம். ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, 3,200-லிருந்து தொடங்கி அந்தக் கழித்தலை அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

(தொடரும்)